சடை பின்னிய கம்ப்யூட்டர்

வாசற்படியில் செருப்பை விடும்போதே அது கண்ணில் படுகிறது என்பதை அரங்கநாதன் அன்று காலையில்தான் கண்டுபிடித்தார்.

சந்தேகம் வைக்கக் கூடாதென்று தெருவுக்குப் போய், மாப்பிள்ளை வீட்டார் வருவது போலவே கேட்டைத் திறந்து உள்ளே வந்து, செருப்பை விட்டு நிமிர்ந்து பார்த்தார். கூடத்தில் முதலில் தெரிந்தது டி.வி. அல்ல. அதன் முன்னால் இருந்த கம்ப்யூட்டரும் அல்ல. மேசைக்குக் கீழே, கோழி கிளறிப் போட்ட வைக்கோல் மாதிரி கிடந்த வயர்கள்தாம்.

"அம்சா! இன்னாம்மா இது? வீடா, பழைய இரும்புக் கடையா?"

அம்சா எட்டிப் பார்த்தாள்.

"வயருப்பா. எப்பவும் அப்படித்தான இருக்குது?"

"எப்பவும் இருக்கலாம். இன்னிக்கு இருக்கக் கூடாது."

"அப்பா, தயவுசெஞ்சு தொடாதீங்க. எது எங்க போவுதுன்னு எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சா போதுமா? பாக்கறவங்களுக்குத் தெரிய வேணாமா?"

அம்சாவுக்கு நேரமாகிவிட்டது. ரவிக்கை அளவு சரி பார்க்கக் கீழ்ப்பெரும்பாக்கத்தில் சித்தி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. படியிறங்கும்போது ஒரு முறை திரும்பி, "தொடாதீங்கப்பா" என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனாள்.

சொல்லியிருக்க வேண்டாம். தம் வீட்டுப் பொருளைத் தொடாதே என்று அரங்கநாதனிடம் யாரும் சொன்னதில்லை.

அந்தக் கம்ப்யூட்டர், மைத்துனர் பாண்டுரங்கன் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்தது. தடித்த சிலேட்டு ஒன்றின் மேல் எழுத்துப் பொத்தான்களைப் பதித்தது போல இருக்கும். அதற்கென்று திரை கிடையாது, டி.வி.யில்தான் எழுத்து வரும். உள்ளே ஏற்ற வேண்டியதை டேப் ரிக்கார்டரில் கேசட் போட்டு ஏற்ற வேண்டும். ஏற்றும்போது பொறியில் அகப்பட்ட எலி மாதிரிக் கீச்சிடும். விழுப்புரத்தில் வேறு எந்த வீட்டிலும் அப்படி ஒன்று கீச்சிடவில்லை என்பதில் அரங்கநாதனுக்கு உள்ளூரப் பெருமை.

அந்தப் பெருமையால்தான் தரகர் அப்பாதுரையிடம் வாயை விட்டிருந்தார்.

"எம் பொண்ணு பி.எஸ்சி கணக்கு. கம்ப்யூட்டர் ஓட்டுவா. அது தெரிஞ்ச எடமா இருந்தா மட்டும் ஜாதகத்தக் கொண்டாய்யா. மத்ததெல்லாம் வாசலோட."

அப்பாதுரை திண்டிவனத்தில் ஓர் இடம் பிடித்தார். மாப்பிள்ளையின் அப்பா கிருஷ்ணசாமிக்கு மல்லாட்டை மண்டி, நிலக்கடலை வியாபாரம். கௌரவமான குடும்பம்.

"மாப்ள பேரு நடராசன். மெட்ராஸ்ல பெரிய கம்பெனி. கம்ப்யூட்டர் ரூமுலதான் வேல சார். காலையில உள்ள போனா சாயங்காலம்தான் வெளிய வருவாரு. அவரு ஒரு நாளு லீவு போட்டா அந்த ரூமே படுத்துக்கும்னா பாத்துக்குங்களேன்!"

அப்படிப்பட்டவர் இன்று மத்தியானம் வருகிறார். வந்ததும் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் அந்த வயர்களைத்தான் பார்ப்பார். 'இவர்களுக்கா கம்ப்யூட்டர் தெரியும்?' என்று ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், மூன்று தலைமுறைப் பெயர் முடிந்தது.

அரங்கநாதன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

மொத்தம் ஐந்து வயர்கள். ஐந்து என்று எண்ணியதுமே அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. அவர் விழுப்புரம் ஜங்ஷனில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து திசையில் பிரியும் தண்டவாளங்களை ஒரு விபத்தும் இல்லாமல் கட்டி மேய்த்தவருக்கு ஐந்து வயர் ஒரு பொருட்டா?

எல்லாவற்றையும் பிடுங்கிக் கூடத்தில் நீளவாட்டில் போட்டார். தடியாக இருந்த கரண்ட் வயருக்கு மெட்ராஸ் லைன் என்று பெயர் வைத்தார். டி.வி.க்குப் போவது திருச்சி. டேப் ரிக்கார்டருக்குப் போகும் ஒல்லிகள் இரண்டும் மாயவரம், பாண்டிச்சேரி. ஜாய்ஸ்டிக் என்ற விளையாட்டுக் குச்சியோடு வந்தது காட்பாடி.

மனைவி ராஜாமணி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"ஏங்க, எல்லாத்தையும் புடுங்கிட்டீங்களே, மறுபடி மாட்டத் தெரியுமா?"

"ஜங்ஷனையே மாட்டினவன்டி நான்."

"மாட்டினா மறுபடியும் அதே மாதிரிதானே தொங்கும்?"

அது நியாயமான கேள்வி. அரங்கநாதன் யோசித்தார். சணல் கயிறு போட்டுக் கட்டினார். விறகுக் கட்டு மாதிரி இருந்தது. வேட்டிக் கரையைக் கிழித்துச் சுற்றினார். ஆஸ்பத்திரியில் கால் முறிந்து படுத்தவன் மாதிரி இருந்தது.

ராஜாமணிக்குப் பொறுக்கவில்லை. "இப்படிக் குடுங்க. அஞ்சு புரி இருக்குதில்ல? ஒரே சடையா பின்னிடலாம். பத்து வயசுலேருந்து அவளுக்குப் பின்னிக்கினு இருக்கறேன், இது ஒரு வேலையா?"

உட்கார்ந்தாள், எண்ணெய் தடவாததுதான் குறை. முறுக்கி இழுத்துப் பின்னியதில் ஐந்து வயர்களும் வழவழவென்று ஒரே சடையாயின. நுனியில் சிவப்பு ரிப்பன் வைத்துப் பூ முடிச்சும் போட்டாள்.

"பேஷ்!" என்றார் அரங்கநாதன். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் மனைவியிடம் அந்தச் சொல்லைச் சொன்னது அபூர்வம். அதில் மகிழ்ந்துபோன ராஜாமணி, மங்கல காரியம் நடக்கிற வீடு என்று சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து, பெட்டிக்கும் பொட்டு வைத்தாள். பெட்டியில் எங்கே பொட்டு வைப்பது? பின்பக்கம் வட்ட வட்டமாகக் குழிந்திருந்த இடங்கள், வைக்கச் சொல்லிக் காத்திருப்பவை போலவே இருந்தன. அத்தனையிலும் கெட்டிச் சந்தனத்தை வைத்து, மேலே குங்குமத்தையும் அழுத்தினாள்.

மாட்டப் போன அரங்கநாதன் திகைத்து நின்றார்.

"ஓட்டையெல்லாம் எங்கடி?"

"பொட்டு வெச்சேன்."

"அதுலதான்டி வயர சொருவணும்!"

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்?"

ஊக்கால் தோண்டினார். சந்தனம் உள்ளேதான் போனது. பின்னலில் வேறு திருச்சி எது, மாயவரம் எது, தலை எது, வால் எது என்று தெரியவில்லை. பின்னியதில் மற்ற நாலும் குட்டையாகிவிட, மெட்ராஸ் லைன் மட்டும் பாம்பு மாதிரி நீளமாக மிஞ்சிக் கீழே கிடந்தது. ஒழுங்கு என்றால் ஒழுங்காக இருக்க வேண்டாமா? பாக்கு வெட்டியை எடுத்து நடுவில் ஒரு முழம் வெட்டி எடுத்துவிட்டார்.

வெட்டிய பிறகுதான் அதை ஒட்டுவது எப்படி என்ற கேள்வி பிறந்தது.

கடைத்தெருவில் மைக் செட்டும் ரேடியோ ரிப்பேரும் வைத்திருந்த ராயப்பன் வந்தான். சடையைக் கையில் எடுத்து, ரிப்பனைத் தடவிப் பார்த்து, அரங்கநாதனை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னாங்கய்யா, பொட்டிக்குக் கல்யாணமா?"

"பேச்ச வுட்டுட்டு வேலையப் பாரு."

ராயப்பன் வெட்டுப்பட்ட முனைகளைப் பல்லால் கடித்துத் தோலுரித்து, முறுக்கி முறுக்கிச் சேர்த்தான். "மேல இன்சுலேஷன் டேப்பு சுத்தணும். கொண்டாரல. பரவால்ல, சடைக்குள்ள சொருவிட்டா வெளிய தெரியாது." அப்புறம் ஒல்லி வயரைத் தூக்கிப் பிடித்தான். "இது மேலுங்க. பொட்டியில இருக்குதே, அது பீமேலு. மேலு பீமேலுல போயி..."

"வாய மூடுறா!" அரங்கநாதன் அதட்டியதில் ஜன்னல் காக்கை பறந்துவிட்டது. "பொண்ணு பாக்க வர்ற வீட்டுல இன்னா பேச்சு பேசற?"

"ஐயா, பிளக்குக்குப் பேரே அதாங்க!"

"உன் கடையில வெச்சுக்க. இங்க மெட்ராஸ், மாயவரம்னு மரியாதையா சொல்லு."

ராயப்பன் தலையைச் சொறிந்துகொண்டான். மாயவரத்தை ஒரு குழியில் வைத்தான், சந்தனம் பிதுங்கியது. பாண்டிச்சேரியை மற்றொரு குழியில் குத்தினான், குங்குமம் கொட்டியது. கடைசியில் காட்பாடி வயரின் முனையைப் பார்த்துக் கையை விரித்தான்.

"ஐயா, இதுக்கு எங்கயும் எடம் இல்ல. இதுக்கும் பொட்டிக்கும் சம்பந்தம் இருக்கறாப்புல தெரியலீங்க."

காலையிலிருந்து அடக்கிவைத்த எரிச்சல் முழுவதும் அரங்கநாதனின் தொண்டைக்கு வந்தது.

"சம்பந்தமே சரியில்லன்னா எதுக்குய்யா கட்டிக்கினு அழுவணும்? அறுத்து எறி! தெருவோட போவட்டும்!"

வாசலில் யாரோ இருமினார்கள்.

திரும்பினால், மடித்த அங்கவஸ்திரத்தோடு கிருஷ்ணசாமி. அவர் பின்னால் வெளுத்த முகத்தோடு மாப்பிள்ளை நடராசன். அவனுக்கும் பின்னால், நெற்றி நிறையத் திருநீறும் கையில் தேங்காய் மூடி இருந்த பையுமாக ஒரு பெரிய அம்மாள். கிருஷ்ணசாமியின் அக்கா வெள்ளையம்மாள்.

கிருஷ்ணசாமி ஒற்றைச் செருப்பைக் கழற்றியிருந்தார். அதை மறுபடியும் மாட்டிக்கொள்ளலாமா என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, வாங்க வாங்க! அது வயருங்க! வயரச் சொன்னேன்!" அரங்கநாதன் காட்பாடியைத் தூக்கிக் காட்டினார். அதோடு சேர்ந்து முழுச் சடையும் மேலே வந்தது.

வெள்ளையம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அருகில் வந்தாள்.

"யம்மா! பொண்ணுக்கு முன்னாடி பொட்டிக்குச் சடை பின்னிட்டீங்களே! குஞ்சலம் மட்டும் எதுக்குப் பாக்கி?"

ராயப்பன் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கமாக நழுவினான். அதே பின்பக்கமாக உள்ளே வந்த அம்சா, சித்தி தைத்துக் கொடுத்த ரவிக்கையும் கையுமாகக் கூடத்து ஓரத்தில் நின்று சடையைப் பார்த்தாள், சந்தனம் வழியும் பெட்டியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். சொல்லியிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் போலிருந்தது.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். "வர்றதுக்கு நேரமாயிடுச்சுங்க" என்றார் கிருஷ்ணசாமி. "அக்காவுக்கு ஒரு வேண்டுதல். கூட்டேரிப்பட்டுல எறங்கி மயிலம் போயி, தேங்கா ஒடச்சிட்டு வர்றோம்."

"நல்ல காரியத்துக்கு முருகனக் கும்பிட்டுட்டு வர்றது எங்க வீட்டுலயும் வழக்கம்தான்" என்று அரங்கநாதன் முதுகை நிமிர்த்திக்கொண்டார். இழந்த கௌரவத்தை மீட்க வேண்டிய நேரம் இது. "மாப்ளைக்குத் தெரியாததில்ல. நாங்க சாதாரணமா வெச்சிருக்கறோம். நீங்களே ஒருவாட்டி ஓட்டிப் பாத்து ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..."

 நடராசன் கம்ப்யூட்டரைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தான். எழுந்து ஜன்னல் கதவின் இடுக்கில் விரலை வைத்துப் பார்த்தான். சுவரை உள்ளங்கையால் தொட்டான்.

"மேற்கால சுவரா சார்?"

"ஆமா."

"மத்தியான வெயிலு பூரா உள்ள எறங்குது. ரூமு ரொம்பச் சூடு. இந்தச் சூட்டுல கம்ப்யூட்டர ஆன் பண்ணவே கூடாதுங்க. மொதல்ல கூலிங்கு. அப்புறம்தான் மத்ததெல்லாம்."

அரங்கநாதன் அயர்ந்துபோனார். வயரைப் பார்த்துச் சிரிக்கப் போகிறான் என்று பயந்தால், இவன் சுவரைத் தொட்டே வியாதியைச் சொல்கிறான்! நிபுணன் என்றால் இவனல்லவா நிபுணன்!

"ராஜாமணி! மேசை ஃபேன எடுத்தா, ஜல்தி!"

மேசை ஃபேன் வந்தது. கூடவே ஆறாவதாக ஒரு வயரும் வந்தது. அதைச் செருக இடம் இல்லாமல், டி.வி. செருகியிருந்த பிளக் பாயிண்டிலேயே நடராசன் தானாக முன்வந்து கச்சிதமாகப் பொருத்தினான். ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் காதைக் கொடுத்துக் கேட்டான். முகம் முதல் தடவையாக மலர்ந்தது.

"பேரிங்கு கொஞ்சம் காஞ்சிருக்குது. ரெண்டு சொட்டு எண்ணெ வுட்டா பூ மாதிரி ஓடும்."

"ஃபேன் இருக்கட்டுங்க மாப்ள. இப்ப ரூமு ஆறிடுச்சு. கம்ப்யூட்டர..."

"இன்னும் ஆறலீங்க."

"ஆறிடுச்சு, ஆறிடுச்சு."

"இன்னிக்கு வேணாமே சார்" என்றார் கிருஷ்ணசாமியும். "கம்ப்யூட்டர் எங்க ஓடிடப் போவுது?"

பெரிய மனிதர்கள், நம் மானம் போகக் கூடாதென்று நினைக்கிறார்கள் என்று அரங்கநாதனுக்குத் தோன்றியது. அப்படி அடுத்தவர் தயவில் காப்பாற்றப்பட வேண்டிய மானம் தம் வீட்டில் இல்லை. "ஓடும்னு சொல்லியிருக்கறேன். ஓட்டிக் காட்டாம அனுப்பினா எனக்குச் சோறு எறங்காது" என்று எழுந்தார்.

நடராசன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். வெள்ளையம்மாள் கண்களை இறுக மூடிக்கொண்டு, "முருகா, மயிலம் முருகா" என்று முணுமுணுத்தாள். அரங்கநாதனுக்கு நெஞ்சு இளகியது. முன்பின் தெரியாத வீட்டுக் கம்ப்யூட்டர் ஓட வேண்டும் என்று யார் இப்படி வேண்டிக்கொள்வார்கள்?

மெட்ராஸ் லைனைப் பக்கத்துப் பிளக் பாயிண்டில் செருகிச் சுவிட்சைத் தட்டினார்.

சடைக்குள்ளிருந்து 'பட்' என்று ஒரு சத்தம். ரிப்பனிலிருந்து மெல்லிய புகை கிளம்பியது. ஃபேன் நின்றது, டி.வி.யின் சிவப்பு விளக்கு அணைந்தது; அடுப்படியில் ராஜாமணி, "கரண்ட்டு பூட்ச்சா?" என்றாள்.

 தரையைப் பார்த்தபடி நின்ற அரங்கநாதனுக்குத் தம் அப்பா, தாத்தா எல்லோரும் சுவரில் இருந்த படங்களுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டது போலிருந்தது.

அப்போதுதான் அம்சா காபித் தட்டோடு வந்தாள். ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, சடையின் பிளக்கை முதலில் பிடுங்கி எறிந்தாள். பிறகு காபியை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

"பெட்டிக்கு ஒண்ணும் ஆவலீங்க. அது நல்லாத்தான் இருந்துச்சு. எங்கப்பா ஒழுங்குபடுத்தினாரு."

நடராசன் சிரித்துவிட்டான். காபியை வாங்கக்கூட இல்லை. "ஃபியூஸ் கட்டை எங்க இருக்குது?" என்று கேட்டு, செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடினான். அவன் ஸ்டூல் மேல் ஏறி நிற்க, அம்சா கீழே நின்று கம்பிச் சுருளை நீட்டினாள். ஏதோ பேசிக்கொண்டார்கள், இரண்டு முறை சிரிப்புச் சத்தம் வந்தது. மீசை வைத்த மனிதன் ஒருவன், அடுத்த வீட்டு ஃபியூஸ் கட்டையை இத்தனை சந்தோஷமாகப் பிடித்து அரங்கநாதன் பார்த்ததில்லை.

விளக்கு வந்தது. ஃபேன் சுற்றியது.

"சார்" என்றார் கிருஷ்ணசாமி. மூச்சை ஆழ இழுத்து விட்டார். "எங்களுக்குப் பரிபூர்ண திருப்தி. தாம்பூலத்த இன்னிக்கே மாத்திக்கலாமா?"

அரங்கநாதனுக்குக் காது சரியாக வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தது. "கம்ப்யூட்டர் ஓடலியேங்க..."

"அதனால இன்னா சார்? அதப் பத்தி இனிமே யாரும் பேசவே வேணாம். நீங்களும் பேசக் கூடாது, நாங்களும் பேச மாட்டோம்."

என்ன பெருந்தன்மை! ராஜாமணி வெற்றிலைத் தட்டைத் தேடினாள். அம்சாவிடம் கேட்டதற்கு, "ஃபேன் சத்தத்த வெச்சே நோவக் கண்டுபுடிக்கறாரும்மா. சரின்னு சொல்லிடு" என்றாள்.

பஸ் ஸ்டாண்டு வரை அரங்கநாதனே கூடப் போனார். மாப்பிள்ளையும் அவன் அப்பாவும் திண்டிவனம் பஸ்ஸில் இடம் பிடிக்க ஏறியதும், கீழே நின்ற வெள்ளையம்மாளிடம் மனம் விட்டுச் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

"அம்மா, எங்க வம்சத்துல இப்படித் தலை குனிஞ்சதில்ல. கம்ப்யூட்டரையே கரைச்சுக் குடிச்ச புள்ள முன்னால எங்க பொட்டி மானத்த வாங்கிடுச்சு. நீங்க அவ்வளவு வேண்டிக்கினும் அது ஓடலியே!"

வெள்ளையம்மாள் பஸ் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நல்லா இருக்குதே கத! ஓடக் கூடாதுன்னுதான சம்பந்தி, நாங்க மயிலத்துல எறங்கித் தேங்கா ஒடச்சதே? எங்க புள்ள அந்த ரூமுல ஏ.சி. மிஷினுக்குத்தான் ஆளு, கம்ப்யூட்டர அவன் இன்னிக்குத்தான் கிட்டத்துல பாக்கறான்!"